எந்தக் காலில் ஆரஞ்சுப் பட்டை

நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு எழுதுகிறவர்கள் எல்லாம் படித்தவர்கள். பேங்க்கில் மேனேஜராக இருந்தவர்கள், ராணுவக் கணக்கு ஆபீசில் இருந்தவர்கள், காலேஜில் பாடம் எடுத்தவர்கள். நான் சங்கரன்கோவில் பக்கத்தில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனால் ஒன்று சொல்கிறேன். புனேயிலிருந்து மலை இறங்கிக் கொங்கணக் கடற்கரைக்குப் போகிற பாதையில் என்னைப் போல வேன் ஓட்டியவன் அந்தக் காலத்தில் இன்னொருத்தன் கிடையாது. இதை நானாகச் சொல்லவில்லை, என் வண்டியில் வந்தவர்கள் சொன்னது. நானும் மறுத்ததில்லை.

என்னை எழுதச் சொன்னவர்கள் மகர்பட்டாவில் இருக்கிற கம்ப்யூட்டர் பிள்ளைகள். சனிக்கிழமை ஆனால் கழுத்தில் பெரிய கேமராவை மாட்டிக்கொண்டு பறவை பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். பொங்கல் விழாவில் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும் இடத்தில் பேச்சு வந்தது. நானும் ஒரு காலத்தில் பறவைக்காரர்களோடு பத்துப் பன்னிரண்டு வருஷம் சுற்றியவன் என்றேன். அப்போதெல்லாம் யார் எதைப் பார்த்தார்கள் என்பதில் எப்படிச் சண்டை வரும் என்று சொன்னேன். அதில் ஒருவர் சிரித்துவிட்டு, "இப்பல்லாம் சண்டையே இல்ல அங்கிள். க்ளிக் பண்ணா முடிஞ்சது. டவுட்டே வராது" என்றார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. சந்தேகம் வராது என்று சொல்கிறவனை நான் நம்புவதில்லை. நானே அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். என் விஷயத்தில் ஒரு பறவையின் கால் எல்லாவற்றையும் குழப்பிவிட்டது. அந்தக் குழப்பம் இன்னும் தீரவில்லை. தீர்ந்த பிறகு எழுதலாம் என்றால் இந்த மலர் வராது.

நான் தொழில் கற்ற கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். லாரியில் கிளீனராக வந்து இறங்கினேன். டயர் கழற்றினேன், வசவு வாங்கினேன், லைசென்ஸ் எடுத்தேன். பிம்ப்ரி பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு ஷிப்ட் பஸ் ஓட்டினேன். பிறகு சொந்த வேன், அடுத்து இரண்டாவது வேன், நிக்டியில் வீடு. யாரும் எனக்குக் கொடுத்ததல்ல, எல்லாம் இந்த இரண்டு கையும் இரண்டு கண்ணும் சம்பாதித்தது. மராத்தி போர்டு வாசிக்கத் தெரியாது. அதனால் ஊர்களை நிறத்தை வைத்து ஞாபகம் வைத்துக்கொள்வேன். நீலக் கதவு டீக்கடை வந்தால் இடது பக்கம் திரும்பு, மஞ்சள் மாரியம்மன் கோவில் மாதிரி ஒன்று வந்தால் மலை இறக்கம் தொடங்குகிறது என்று கணக்கு. ஒரு தடவை பார்த்த நிறம் எனக்கு மறக்காது. இது முக்கியம், பின்னால் வரும்.

தொண்ணூறுகளின் நடுவில்தான் ஜோக்ளேகர் சாகேப் என் வண்டியை வாடகைக்குக் கேட்டு வந்தார். நீர்ப்பாசன இலாகாவில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். சதாசிவ் பேட்டில் பழைய வீடு. ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு பறவைச் சங்கம் வைத்திருந்தார்கள், அதற்கு அவர்தான் தலைவர், செயலாளர், நீதிபதி எல்லாம். ஒல்லியான மனிதர். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. ஐந்து மணி என்றால் ஐந்து மணிக்கு வாசலில் நிற்பார். நாம் ஐந்து நிமிஷம் பிந்திப் போனால் ஒன்றும் சொல்ல மாட்டார், கைக்கடிகாரத்தைக் கழற்றி நம் கையில் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறிக்கொள்வார். புனேக்குத் திரும்பி வரும் வரைக்கும் அது நம் கையில்தான் கட்டியிருக்க வேண்டும். ஒரே ஒரு முறை கட்டினேன். அதற்குப் பிறகு பிந்தியதில்லை.

இந்த ஊரில் தெற்கத்தியான் எல்லோரும் 'அண்ணா'தான். எனக்கு அப்பா வயதில் இருந்த சாகேபும் என்னை அண்ணா என்றே கூப்பிட்டார். அவர் பாராட்டினால் "டீக் ஆஹே" என்பார். சரி, பரவாயில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். அதற்கு மேல் அவரிடமிருந்து யாரும் வாங்கியதாக நான் கேள்விப்படவில்லை. நானே அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு கை விரலுக்குள் அடங்குகிற அளவுக்குத்தான் வாங்கியிருக்கிறேன்.

டிரைவருக்கு அவர் வைத்திருந்த சட்டங்களைக் கேளுங்கள். சிவப்புச் சட்டை கூடாது. ஹார்ன் கூடாது. கதவைச் சாத்தும்போது கைப்பிடியைத் தூக்கிப் பிடித்து, சத்தம் வராமல் அமுக்கிச் சாத்த வேண்டும். பறவை பக்கத்தில் இருக்கும்போது வண்டிக்குள் பேச்சே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, அந்த நேரத்தில் டிரைவர் சீட்டை விட்டு இறங்கக் கூடாது. நான் ஒரு நாள் காரணம் கேட்டேன். "அண்ணா, வண்டி நின்றுவிட்டால் பறவைக்கு அது ஒரு பாறை. நீ இறங்கினால்தான் அது வண்டி ஆகிறது" என்றார். அதிலிருந்து நான் பாறைக்குள் உட்கார்ந்திருக்கிறவன் ஆகிவிட்டேன். பாறைக்குள் இருந்தபடியே பைனாகுலர் இல்லாமல் அவர்களுக்கு முன்னால் பறவையைக் கண்டுபிடிப்பேன். விரலால் ஸ்டியரிங்கில் தட்டிக் காட்டுவேன். அவர்கள் தொலைநோக்கிக் குழாயைத் திருப்பி அப்புறம்தான் பார்ப்பார்கள்.

பங்குனி மாதத்தில்தான் பெரிய பயணம். மலை இறங்கி, கடலும் ஆறும் கலக்கிற கழிமுகத்துக்குப் போவோம். அங்கே அதைக் காடி என்பார்கள். குளிர்காலத்துக்கு வடக்கேயிருந்து வந்த பறவைகள் திரும்பிப் போவதற்கு முன்னால் அந்தச் சேற்றில் வயிறு நிறையத் தின்று கொழுக்கும். பாதையில் இலையில்லாத பலாச மரமெல்லாம் செக்கச் செவேலென்று பூத்திருக்கும். மாமரத்தில் பிஞ்சு. ஷிம்கா என்று அவர்கள் ஹோலியைக் கொண்டாடுவார்கள். ஊருக்கு ஊர் கயிறு கட்டி வண்டியை மறிப்பார்கள், சாமிப் பல்லக்கைத் தோளில் வைத்து ஆடுவார்கள். சாகேப் வண்டிக்குள்ளிருந்து கைகூப்புவார், நான் கயிற்றை அவிழ்க்கச் சொல்லிக் கெஞ்சுவேன்.

முதல் தடவை போனபோதே எனக்குத் தலை சுற்றியது. இறங்கி முகம் கழுவலாம் என்று போனேன். ஆறு மலையைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். ஒரு தேங்காய் மட்டை கடலிலிருந்து புறப்பட்டு, அவசர வேலை இருக்கிற மாதிரி மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கிப் போனது. எங்கள் பக்கத்து ஆற்றில் தண்ணீர் இருந்தால் ஓடும், இல்லாவிட்டால் ஓடாது, ஆனால் ஓடினால் ஒரே பக்கம்தான் ஓடும். கடல் ஏறும்போது ஆற்றைப் பின்னால் தள்ளும் என்று சாகேப் விளக்கினார். புரிந்தது என்றேன். மத்தியானம் அதே மட்டை திரும்பி வந்தது. அது அதே மட்டைதானா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு.

அதற்குப் பிறகு அந்த இடத்தில் நான் வண்டியை எப்போதும் மூக்கு ரோட்டைப் பார்க்கிற மாதிரி, பின்பக்கம் சேற்றைப் பார்க்கிற மாதிரிதான் நிறுத்துவேன். தண்ணீர் ஏறினால் ரிவர்ஸ் போட்டுக்கொண்டிருக்க முடியாது. படகு இழுத்து ஏற்றுகிற கெட்டி மணல் சரிவு ஒன்று இருந்தது. அங்கே நிறுத்தினால் பறவைகள் எல்லாம் எனக்குப் பின்னால். நான் பக்கத்துக் கண்ணாடியில் பார்ப்பேன். முப்பது வருஷம் கண்ணாடியில் பார்த்தே பிழைத்தவனுக்கு அதில் என்ன கஷ்டம்?

இன்னொரு குழப்பமும் உண்டு. மார்கழியில் பார்த்த சாம்பல் பறவையைப் பங்குனியில் தேடினால் கிடைக்காது. அதே மூக்கு, அதே கால், ஆனால் உடம்பு செங்கல் நிறம். போகிற ஊரில் ஜோடி சேர வேண்டுமாம், அதற்காக இங்கேயே உடுப்பு மாற்றிக்கொள்கிறது. பாதி மாற்றினதும் இருக்கும், ஒரு பக்கம் வெள்ளையடித்துவிட்டு விட்ட சுவர் மாதிரி. நீண்ட மூக்கை அடிவரைக்கும் சேற்றில் குத்திக் குத்தி எடுக்கிற பறவை அது. தமிழில் அதற்கு மூக்கன் என்றே பெயர் என்று கோமதி டீச்சர்தான் எனக்குச் சொன்னார்.

கோமதி டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவர் விமானப்படையில். லோஹேகாவில் குவார்ட்டர்ஸ். டீச்சர் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தார். சொந்த ஊர் தென்காசி. அந்தச் சங்கத்தில் தமிழ் பேச எனக்கு அவர், அவருக்கு நான். வண்டியில் என் பின்னால் உட்கார்ந்து, மற்றவர்களுக்குப் புரியாமல் அவர்களைப் பற்றியே பேசிக்கொண்டு வருவோம்.

சாகேபின் பெரிய சட்டம் ஒன்று இருந்தது. சாதாரணப் பறவையை யாரும் பார்க்கலாம். ஆனால் அபூர்வமான ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னால் இரண்டு ஜோடிக் கண் வேண்டும். அந்த இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கு முன்னால் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ஒருவரை மரத்தடிக்குக் கூட்டிப் போவார். பையிலிருந்து வேர்க்கடலையை எடுத்து உரித்து உரித்துக் கொடுப்பார். நாம் சொல்லச் சொல்ல, "மக?" என்பார். அப்புறம் என்று அர்த்தம். வேறு கேள்வி கிடையாது. சொல்ல ஒன்றுமில்லாமல் போகும் வரைக்கும் 'மக' நிற்காது. பிறகு அடுத்தவரைக் கூப்பிடுவார். இரண்டும் ஒத்துப்போனால் வருஷக் கடைசியில் அச்சடிக்கிற சின்னப் புத்தகத்தில் பறவையின் பெயர், பார்த்தவர் பெயர் வரும். ஒத்துப்போகாவிட்டால், அல்லது ஒருத்தரே பார்த்திருந்தால், பெயர் வரும், பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் வரும்.

டீச்சருக்கு வருஷா வருஷம் கேள்விக்குறிதான். அவர் தனியாக இருக்கும்போதுதான் அவருக்கு எல்லாம் தென்படும். ரயில் ஜன்னலில் ஒரு கழுகு, மொட்டை மாடியில் ஒரு வல்லூறு. சாகேப் மீது நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஒரு தடவை டீச்சர் ஆந்தை என்று எல்லோரையும் நிறுத்திக் காட்டியது காய்ந்த தென்னம்பாளையாக இருந்தது. ஆனால் டீச்சருக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

"பிள்ளைய நோட்டுல நான் போடுத கேள்விக்குறிய எனக்கே ஒருத்தர் போட்டுக்கிட்டு இருக்காரு அண்ணாச்சி" என்பார்.

நான் சொல்ல வந்த வருஷம் அவர் கணவருக்கு அஸ்ஸாம் பக்கம் மாற்றல் வந்துவிட்டது. பரீட்சை முடிந்ததும் கிளம்ப வேண்டும். பங்குனிப் பயணம்தான் அவருக்குக் கடைசி. மலை இறங்கும்போது என் தோளுக்குப் பின்னால் மெதுவாகச் சொன்னார்: "ஒரே ஒரு தடவ, அந்தக் குறி இல்லாம எம் பேரு வந்துட்டாப் போதும். அதுக்கு மேல இந்த மனுசங்கிட்ட எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

வரும் டீச்சரம்மா என்றேன். என் வண்டியில் வந்தால் எதுவும் நடக்கும் என்று சொல்லி வைத்தேன்.

ஷிம்கா முடிந்து இரண்டு மூன்று நாள் இருக்கும். முந்தின நாளே போய் ஊரில் தங்கியிருந்தோம். காலையில் தண்ணீர் நன்றாக வற்றி, பிறகு ஏறத் தொடங்கிய நேரம். சாகேப் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு அலையாத்திக் காட்டுப் பக்கம் நடந்துவிட்டார். டீச்சருக்குப் பாறையில் வழுக்கிக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டதால் வண்டியிலேயே இருந்தார். கடைசி சீட்டில் முட்டி போட்டு, பின் கண்ணாடி வழியாகப் பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் சீட்டில். வண்டி பாறை.

தண்ணீர் ஏற ஏறப் பறவைகள் கரைப்பக்கம் ஒதுங்கி வரும். மூக்கன் கூட்டம் ஒன்று நெருங்கி வந்தது. வண்டிக்கும் அதற்கும் நடுவே ஒரு கபடி மைதானம் அளவு இருக்கும். என் வலது பக்கக் கண்ணாடியில் தெளிவாகத் தெரிந்தது. அதில் ஒன்று பாதி செங்கல் நிறம். காலைத் தூக்கி வைத்தபோது முட்டிக்கு மேல் ஆரஞ்சுப் பட்டை. மறு காலில் ஒரு வெள்ளை வளையம். எங்கேயோ ஒரு நாட்டில் யாரோ பிடித்து, காலில் அடையாளம் பூட்டி விட்ட பறவை. அப்படி ஒன்றைப் பற்றி சாகேப் பேசித்தான் கேட்டிருக்கிறேன், எங்கள் கூட்டத்தில் யாரும் பார்த்ததில்லை.

நான் மூச்சு விடவில்லை. பின்னால் டீச்சரும் மூச்சு விடவில்லை. பிறகு ஒரு மோட்டார் படகு வந்தது. கூட்டம் மொத்தமும் எழும்பி, ஒரு திருப்பு திரும்பி, வளைவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

"அண்ணாச்சி, பாத்தியளா?"

"பாத்தேன். கால்ல..."

"சொல்லாதிய. ஒரு வார்த்த சொல்லாதிய." டீச்சர் கையை நீட்டித் தடுத்தார். "சாகேப் வந்து தனித்தனியா கேக்கட்டும். இந்தத் தடவ எல்லாம் சட்டப்படி இருக்கணும்."

அப்புறம் நாங்கள் இருவரும் கோபித்துக்கொண்ட மாமனார் மருமகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்குச் சந்தோஷம்தான். இரண்டு ஜோடிக் கண். அதில் ஒரு ஜோடி என்னுடையது. இனி என்ன கவலை?

சாகேப் திரும்பி வந்தார். டீச்சரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய், கவிழ்த்துப் போட்டிருந்த படகில் உட்கார வைத்து, கடலை உரித்தார். டீச்சர் கை அசைவை மட்டும் தூரத்திலிருந்து பார்த்தேன். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

மூக்கன் என்றேன். மக? பாதி நிறம் மாறியது. மக? ஒரு காலில் முட்டிக்கு மேல் ஆரஞ்சுப் பட்டை, மறு காலில் வெள்ளை வளையம். மக? ஆரஞ்சு இடது காலில், வெள்ளை வலது காலில்.

கடலை உரித்த கை நின்றது.

"அண்ணா, டீச்சர் வலது காலில் ஆரஞ்சு என்கிறார்."

எல்லோரையும் கூட்டி வைத்து அவர் நிதானமாகச் சொன்னார். பறவை ஒத்துப்போகிறது, நிறங்கள் ஒத்துப்போகின்றன, கால் ஒத்துப்போகவில்லை. கால்தான் எல்லாம். எந்தக் காலில் எந்த நிறம் என்பதை வைத்துத்தான் எந்தக் கடற்கரையில் பூட்டியது என்று சொல்ல முடியும். கால் மாறினால் நாடே மாறிவிடும். இதைக் கேட்டதும் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. பைனாகுலரில் பார்த்தவர் சொல்வதுதான் சரி என்று பாதிப்பேர். அண்ணாவின் கண் தப்பாது என்று மீதிப்பேர். அந்த மீதிப்பேரை நான் அன்றைக்குக் கொஞ்சம் வெறுத்தேன்.

டீச்சர் என்னைத் திட்டவில்லை. "வலதுதான்" என்று மட்டும் சொன்னார். குரல் போர்டில் கணக்கு எழுதிக் காட்டுகிற குரல்தான். ஆனால் முகத்தைப் பார்த்தால், கேள்விக்குறி வந்து உட்கார்ந்துவிட்டது தெரிந்தது.

நான் விட்டுக்கொடுத்திருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். எப்படி விட்டுக்கொடுப்பது? நான் பார்த்தது இடது. பின்னால் வந்த சேலம் லாரிக்கு எந்த ஹெட்லைட் எரியவில்லை என்பதைக் கண்ணாடியில் பார்த்தே சொல்லி, பந்தயத்தில் டீ வாங்கிக் குடித்தவன் நான். அதை அங்கேயே எல்லோருக்கும் சொன்னேன்.

சாகேப் தலையைத் தூக்கினார். "கண்ணாடியிலா? நீ அந்தப் பறவையைக் கண்ணாடியிலா பார்த்தாய்?"

"இறங்கக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

அவர் நேராகப் போய் என் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். என் சீட்டில் வேறொருவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கண்ணாடி துடைக்கிற காவித் துணியை எடுத்து என்னிடம் நீட்டினார். ஒரு காலில் கட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய்ச் சேற்றில் நில் என்றார்.

நிக்டியில் சொந்த வீடும் இரண்டு வேனும் வைத்திருக்கிற மனுஷன், பேண்ட்டை முட்டிக்கு மேலே சுருட்டி, காலில் துணியைக் கட்டிக்கொண்டு, கொங்கணச் சேற்றில் இறங்கினேன். கணுக்கால் வரை புதைந்தது. தண்ணீர் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த மீனவப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றார்கள்.

"வண்டியைப் பார்த்து நட." நடந்தேன்.

"திரும்பி, கடலைப் பார்த்து நட." நடந்தேன்.

"பறவை மாதிரி குனிந்து நட. மெதுவாக."

கரையில் ஒரு பெண் மராத்தியில் என்னவோ சொல்ல, மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஊர் ஷிம்கா வேஷம் இன்னும் முடியவில்லையா என்று கேட்டதாக அப்புறம் சொன்னார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. பைனாகுலரை எடுத்து என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொன்ன அத்தனை தடவையும் திரும்பித் திரும்பி நடந்தேன், மாட்டுச் சந்தையில் யாரோ என்னை விலைக்கு வாங்கப் பார்க்கிற மாதிரி.

பிறகு சாகேப் இறங்கி என்னைச் சீட்டில் உட்கார வைத்து, துணியைத் தன் காலில் கட்டிக்கொண்டு தானே போய்ச் சேற்றில் நடந்தார். அந்த வயதில். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். அவர் வண்டியைப் பார்த்து வரும்போது துணி ஒரு பக்கம் இருந்தது. திரும்பிக் கடலைப் பார்த்துப் போகும்போது மறு பக்கம் இருந்தது.

முப்பது வருஷமாகக் கண்ணாடியில் நான் பார்த்ததெல்லாம் எனக்குப் பின்னால் என்னைப் பார்த்து வருகிற வண்டிகள். என்னைப் பார்த்து வருகிற லாரியின் இடது விளக்கு கண்ணாடியிலும் இடது பக்கம்தான் இருக்கும். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் எந்த லாரியும் நடு ரோட்டில் திரும்பி நின்று சேற்றில் மூக்கைக் குத்தாது. முதுகைக் காட்டி நிற்கிற ஒன்றைக் கண்ணாடியில் பார்த்து, இது இடது, இது வலது என்று சொல்ல வேண்டிய அவசியம் என் தொழிலில் வந்ததே இல்லை.

சாகேப் காலைக்கூடக் கழுவாமல் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். ஒரே கேள்வி.

"அண்ணா, ஆரஞ்சைப் பார்த்த நேரத்தில் அது முகத்தைக் காட்டி நின்றதா, முதுகைக் காட்டி நின்றதா?"

அப்போது டீச்சர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கெஞ்சல் இல்லை அது. கெஞ்சல் என்றால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். முதுகு என்று ஒரு வார்த்தை சொன்னால் என் இடது அவருடைய வலது ஆகிவிடும். இரண்டு ஜோடிக் கண்ணும் ஒத்துப்போய்விடும். அவர் குறியில்லாமல் அஸ்ஸாம் போகலாம்.

நான் கண்ணை மூடினேன். ஆரஞ்சு வந்தது. அதற்குக் கீழே சேறு மினுங்கியது வந்தது. வெள்ளை வளையத்தில் ஒட்டியிருந்த அழுக்குக்கூட வந்தது. முகமும் வரவில்லை, முதுகும் வரவில்லை. அது சுற்றிச் சுற்றிக் குத்திக்கொண்டேதான் இருந்தது. முதுகாகவும் இருக்கலாம், முகமாகவும் இருக்கலாம். இடது என்று அவ்வளவு அடித்துப் பேசினேனே, அது கண் சொன்னதா, லாரி ஓட்டிய பழக்கம் சொன்னதா?

"தெரியவில்லை சாகேப்" என்றேன்.

என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்டதில்லை. சாகேப் குனிந்து தன் காலில் இருந்த துணியை அவிழ்த்தார்.

"டீக் ஆஹே" என்றார்.

எதற்கு டீக்? எது டீக்? முப்பது பறவையை முதலில் கண்டுபிடித்துக் கொடுத்தபோது சொல்லாத மனுஷன், தெரியாது என்று சொன்னதற்குச் சொல்கிறார். நான் கேட்கவில்லை. தண்ணீர் பின் டயரைத் தொட்டுவிட்டது. வண்டியை எடுத்தேன். புனே வரும் வரைக்கும் டீச்சரும் நானும் தமிழில் ஒரு வார்த்தை பேசவில்லை. நடு வழியில் ஒரு டீக்கடையில் மட்டும் அவராக வந்து என் பக்கத்தில் நின்றார். "சேறு இன்னும் போகல அண்ணாச்சி, முட்டில" என்றார். அவ்வளவுதான். வைகாசிக்கு முன்னாலேயே லோஹேகாவைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள்.

வருஷக் கடைசியில் சாகேப் அந்தச் சின்னப் புத்தகத்தை என் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். அதுவரை எனக்கு அது வந்ததில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பக்கத்தை அவரே திறந்து விரல் வைத்துக் காட்டிவிட்டு, நேரமாகிறது என்று போய்விட்டார். இங்கிலீஷ். என் மகள் வாசித்துச் சொன்னாள். மூக்கன், காடியில், வலது காலில் ஆரஞ்சு, இடது காலில் வெள்ளை. பார்த்தவர் கோமதி டீச்சர். குறி இல்லை. அதற்குப் பக்கத்தில் என் முழுப் பெயர், அப்பா பெயரின் முதல் எழுத்தோடு. என் பெயர் அச்சில் வந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதற்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி.

நான் அந்தப் பக்கத்தை மகளிடம் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னேன். இரண்டாவது ஜோடிக் கண் என்று என்னை மதித்துப் பெயர் போட்டிருக்கிறாரா, மதிக்காமல் குறி போட்டிருக்கிறாரா? அந்தக் குறி பறவைக்கா, காலுக்கா, எனக்கா? இரண்டு பேரும் ஆரஞ்சைப் பார்த்தது உண்மை, அதனால் பறவை வந்தது உண்மை, கால் விஷயத்தில் மட்டும் நேராகப் பார்த்தவர் வார்த்தையை எடுத்துக்கொண்டார் என்று மகள் விளக்கினாள். அப்படியும் இருக்கலாம். சாகேபிடம் கேட்கலாம் என்று அடுத்த இரண்டு பங்குனிப் பயணமும் போனேன். அவர் வாயைத் திறந்தால் "மக?" என்பார் என்று பயந்து கேட்காமலேயே திரும்பினேன். பிறகு அவருக்கு முடியாமல் போய்விட்டது. எனக்குக் கண்புரை வந்து வண்டியை விட்டேன்.

பக்கத்தை பிரேம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் அது என்ன குறி என்று கேட்பார்கள். ஆச்சரியக்குறி மாதிரி ஒன்று என்று சொல்லிவிடுவேன்.

புத்தகம் வந்த அடுத்த மாதம் டீச்சர் அஸ்ஸாமிலிருந்து போன் செய்தார். அவருக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது. லைன் கரகரவென்று இருந்தது. நான் வாழ்த்துச் சொன்னேன்.

"கேள்விக்குறி உங்க பக்கம் வந்துட்டுல்லா அண்ணாச்சி."

"வரட்டும் டீச்சரம்மா. எங்க வீட்டுல இடம் இருக்கு."

சிரித்தார். பிறகு குரல் இறங்கியது.

"ஒண்ணு சொல்லுதேன், யாருக்கும் சொல்லாதிய. பேரு வந்த அன்னைக்கு, சரி, ஒரு தடவ நினைச்சுப் பாப்போம்னு கண்ண மூடுனேன். அந்தப் பறவை வரவே மாட்டேங்கு. துணி கட்டுன காலோட நீங்கதான் சேத்துல நடக்கிய."

"எந்தக் கால்ல துணி?" என்று கேட்டேன்.

"அத நீங்க மொதல்ல சொல்லக் கூடாது, நானும் மொதல்ல சொல்லக் கூடாது" என்றார் டீச்சர். "தனித்தனியாத்தான சொல்லணும்?"

அதுவும் சரிதான். அப்படியே வைத்துவிட்டோம்.